சனையாவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம்

சனையா என்று அழைக்கப்படும் ஷார்ஜா தொழில்பேட்டையில் காலை ஐந்தரை மணிக்கு ஏதாவது ஒரு சாலையோரம் நின்றால் போதும், மனிதர் வேலைக்குப் போகும் வழிகள் அத்தனையும் கண்முன்னே கடந்துபோகும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் போகும். கேரியரில் சாப்பாட்டுப் பையைக் கட்டி, ஒளிரும் சட்டை போட்டு, டிரெய்லர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி மிதிக்கும் சைக்கிள்காரர்கள் போவார்கள். மண் ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக நடந்துபோகிறவர்கள் உண்டு. பலகை எதுவும் இல்லாத ஒரு மூலைக்குச் சொன்ன நேரத்தில் ஒரு பழைய கார் வந்து, நாலு பேரை அள்ளிக்கொண்டு கிளம்பும். நிறுத்தத்தில் சிலர் நகரப் பேருந்து வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தபடி நிற்பார்கள். இவை எல்லாவற்றையும் சூழ்ந்து, ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கார்கள் எண்ண முடியாத அளவுக்கு நகரும்.

ஒரே ஊர், ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே வேலை நேரம். ஒருவர் பஸ்ஸிலும் இன்னொருவர் சைக்கிளிலும் மூன்றாமவர் காரிலும் போவது ஏன்? காசுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். காசு பெரிய காரணம்தான். ஆனால் போக்குவரத்து ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக அளந்து வைத்திருப்பதைப் பார்த்தால், பயணியை பஸ்ஸிலிருந்து விரட்டுவது பெரும்பாலும் பஸ்ஸுக்கு வெளியே நடப்பவை: நிறுத்தம்வரை நடக்கும் நடை, அங்கே நிற்கும் நேரம், வருமா வராதா என்ற சந்தேகம். சனையாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்ததுதான். அதற்கு எண் கொடுக்கும்போதுதான் எங்கே கை வைத்தால் பலன் என்பது தெரியவருகிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பார்ட் என்ற மின்ரயில் 1972-இல் ஓடத் தொடங்கியது. அது ஓடுவதற்கு முன்பே, பெர்க்லியில் இருந்த பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் அந்தப் பகுதியில் வேலைக்குப் போகிறவர்களிடம் விசாரித்தார். இப்போது எதில் போகிறீர்கள், வண்டிக்குள் எவ்வளவு நேரம், நிற்க எவ்வளவு, நடக்க எவ்வளவு, செலவு என்ன? அந்த விடைகளை வைத்து, ரயில் வந்தால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணக்குப் போட்டார். அதிகாரபூர்வ மதிப்பீடு 15 விழுக்காடு என்றது. மெக்ஃபேடன் சொன்னது 6.3. ரயில் ஓடியபின் எண்ணிப் பார்த்ததில் கிடைத்தது 6.2. இந்த வேலைக்கு அடித்தளமான கோட்பாட்டுக்காக 2000-ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு அவருக்கும் ஜேம்ஸ் ஹெக்மனுக்கும் பகிர்ந்து கிடைத்தது.

அவர் முறையின் சாரம் எளிது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு மொத்தச் சுமை உண்டு. காசு, வண்டிக்குள் கழியும் நேரம், காத்திருப்பு, நடை, வண்டி மாறும் தொல்லை எல்லாவற்றையும் அததற்குரிய எடையோடு கூட்டினால் வருவது அந்தச் சுமை. சுமை குறைந்த வழியை மனிதர் தேர்ந்தெடுக்க வாய்ப்பு அதிகம். நிச்சயம் என்று சொல்லாமல் வாய்ப்பு என்று சொல்வதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஆராய்ச்சியாளர் கண்ணில் படாத சொந்தக் காரணங்கள் இருக்கும் என்பதே. இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. இரண்டு வழிகளின் சுமை ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில், சின்ன மாற்றம்கூட நிறையப் பேரை இடம் மாற்றும். சுமைகள் வெகுதூரம் விலகியிருந்தால், பெரிய மாற்றமும் யாரையும் அசைக்காது.

இதை சனையாவில் பொருத்திப் பாருங்கள். லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்குக் கார் என்பது லைசென்ஸுக்கே சில ஆயிரம் திர்ஹாம் கேட்கும் தொலைதூர விஷயம். பஸ்ஸை எவ்வளவு மேம்படுத்தினாலும், மேம்படுத்தாவிட்டாலும், அவர் நாளைக்குக் காரில் போகப் போவதில்லை. பஸ் நல்லதா, கார் நல்லதா என்று மட்டும் கேட்கும் ஆய்வு இவரை வேறு வழியற்ற பயணி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் அவருக்கு வழிகள் இருக்கின்றன. பஸ், சைக்கிள், நடை, காசு கொடுத்துப் பிறர் காரில் போகும் கார் லிஃப்ட் ஆகிய நான்கின் சுமைகளும் அவருக்கு ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. பஸ்ஸின் தரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது முதலில் அங்கேதான் தெரியும்.

கம்பெனி பஸ்ஸையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனங்களின் தொழிலாளர்கள் கேம்பில் தங்கி, கம்பெனி வண்டியில் போய், கம்பெனி வண்டியில் திரும்புகிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்த ஊதியம் வாங்குகிறவர்களுக்கு நிறுவனமே தங்குமிடம் தர வேண்டும் என்று அமீரகத்தில் விதி இருக்கிறது. ஆனால் ஷார்ஜா சனையாவின் உயிர்நாடி சின்னப் பட்டறைகள். பழைய கார் உதிரிபாகக் கடைகள், கராஜ்கள், வெல்டிங் கடைகள், மரவேலைக் கூடங்கள், கஃப்டீரியாக்கள் எல்லாவற்றிலும் ஐந்து பேர், எட்டு பேர், பன்னிரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். இவர்கள் ரோலாவிலோ அல் நஹ்தாவிலோ அஜ்மானிலோ பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு கட்டில், வாடகைக்கு எடுத்துத் தங்கி, தாங்களாகவே வந்து சேர வேண்டியவர்கள். இந்தக் கட்டுரையின் பயணி இவர்தான்.

அவர் நிறுத்தத்தில் நிற்கிறார். வண்டிக்குள் கழியும் ஒரு நிமிடத்தை ஒன்று என்று வைத்தால், நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடமும் நடக்கும் ஒரு நிமிடமும் ஏறக்குறைய இரண்டு என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த அளவு. பதினைந்து நிமிடப் பயணத்துக்குப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால், மனம் அதை நாற்பத்தைந்து நிமிடமாகத்தான் எண்ணும். வண்டி மாறுவதற்குத் தனித் தண்டனை உண்டு. மாறும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காவிட்டாலும், மாறுவது என்பதே பல நிமிடப் பயணத்துக்குச் சமமாக உணரப்படுகிறது.

சரி, இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம்தானே? அட்டவணையில் அப்படித்தான். சாலையில் அப்படி இல்லை. நாற்பது நிமிடத்தில் இரண்டு பஸ் வருவதாக வைத்துக்கொள்வோம். சீராக வந்தால் இடைவெளி 20, 20. நெரிசலில் மாட்டி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வந்தால் இடைவெளி 5, 35 என்று ஆகிவிடும். பஸ்களின் எண்ணிக்கை அதேதான், சராசரி இடைவெளியும் அதே இருபதுதான். ஆனால் நிறுத்தத்துக்கு ஏதோ ஒரு நேரத்தில் வந்து சேர்கிற எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த 35 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து விழுவார்கள், ஏனென்றால் நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து அதற்குள் அடங்கியிருக்கிறது. அந்த ஏழு பேரும் சராசரியாகப் பதினேழரை நிமிடம் நிற்பார்கள். மீதி ஒருவருக்கு இரண்டரை நிமிடம். எல்லோரையும் சேர்த்தால் சராசரி ஏறக்குறைய 15.6 நிமிடம். ஒரு பஸ்கூடக் குறையாமல், ஒரு டிரிப்கூட ரத்தாகாமல், காத்திருப்பு பாதிக்கு மேல் கூடிவிட்டது.

அலுவலகக் கணினியில் எல்லா டிரிப்பும் ஓடியதாக இருக்கும், நிறுத்தத்தில் நிற்பவரோ பஸ்ஸே வரவில்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இது, ஏனென்றால் நிறுத்தத்தில் நிற்பவரின் புலம்பல் வெறும் பொறுமையின்மை இல்லை என்பதை இது எண்ணிலேயே நிரூபிக்கிறது.

பஸ்கள் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதை 1964-இலேயே கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். ஒரு பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆள் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறவே நேரம் ஆகும், தாமதம் இன்னும் கூடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ நிறுத்தத்தில் ஆளே இருக்காது. அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஓட்டுநர் பேரில் குற்றமே இல்லாமல் இது நடக்கும். தொடக்கத்தில் ஏற்பட்ட சிறு தாமதத்தை யாராவது நடுவழியில் திருத்தினால் ஒழிய, அது தானாகச் சரியாகாது. சனையா சாலைகளில் அந்தச் சிறு தாமதத்துக்குக் காரணமா இல்லை? பட்டறை வாசலில் ரிவர்ஸ் எடுக்கும் டிரெய்லர், ரவுண்டானாவில் குறுக்கே நிற்கும் ஃபோர்க்லிஃப்ட், சாலையோரத்தில் இரட்டை வரிசையாக நிறுத்திய பிக்கப் என்று எதுவும் போதும்.

இப்போது அவருடைய வேலை நேரத்தை இதோடு சேர்க்க வேண்டும். மேலாளர் ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஒன்றும் ஆகாது. பஞ்ச் அடிக்கிற தொழிலாளிக்கு அந்தப் பத்து நிமிடம் அரை மணிச் சம்பளமாகவோ முதலாளியின் ஏச்சாகவோ மாறும். கென்னத் ஸ்மால் என்ற பொருளியலாளர் 1982-இல், அதே சான் பிரான்சிஸ்கோ பகுதிப் பயணிகளின் தகவல்களிலிருந்து இதை அளந்தார். வேலைக்கு ஒரு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வதன் சுமை, பயணத்தில் கழியும் ஒரு நிமிடத்தில் பாதியைவிடச் சற்று அதிகம். ஒரு நிமிடம் தாமதமாகப் போவதன் சுமையோ இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் நம்ப முடியாத பஸ்ஸை நம்பியிருப்பவர் சராசரியைப் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை, மிக மோசமான நாளைப் பார்த்துக் கிளம்புகிறார். இருபது நிமிடத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுகிறார். அந்த நாற்பது நிமிடம் அவருடைய தூக்கத்திலிருந்து தினமும் போகிறது. எந்தப் போக்குவரத்துக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

வெயிலைச் சொல்லாமல் வளைகுடாவில் காத்திருப்பைப் பற்றிப் பேச முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகம் தடை விதித்திருக்கிறது. வேலைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, பஸ்ஸுக்கு நிற்பதற்கு இல்லை. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிச் சூடாகிவிட்டால், உடம்பு காற்றுக்கு வெப்பத்தைத் தருவதற்குப் பதிலாகக் காற்றிடமிருந்து வாங்கத் தொடங்கும். அப்போது மிஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஷார்ஜா கடற்கரை ஊர். ஆகஸ்டின் ஈரக் காற்றில் அதுவும் சரியாக நடக்காது. போதாததற்கு மேலிருந்து வெயிலும் கீழிருந்து தார்ச்சாலையின் அனலும் அடிக்கும். ஒரு கூரை நிழல் காற்றின் வெப்பத்தைக் குறைக்காது, ஆனால் உடம்பில் நேராக விழும் கதிர்வீச்சைத் தடுத்துவிடும். நிழலில் நிற்பவருக்கும் பக்கத்தில் வெயிலில் நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். சாலையோர விளக்குக் கம்பத்தின் மெல்லிய நிழலில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்பதை இங்கே கோடையில் பார்க்கலாம். கம்பத்தின் நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள்.

துபாயில் ஏசி போட்ட நிறுத்தங்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன, ஷார்ஜாவிலும் சில இடங்களில் உண்டு. இதை ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் யிங்லிங் ஃபேனும் கூட்டாளிகளும் 2016-இல் வெளியிட்டது அது. நிறுத்தங்களில் நின்றவர்களின் உண்மையான காத்திருப்பையும், அவர்கள் தாங்கள் காத்திருந்ததாகச் சொன்ன நேரத்தையும் ஒப்பிட்டார்கள். ஒன்றுமே இல்லாத நிறுத்தத்தில் நேரம் ஊதிப் பெருத்துத் தெரிந்தது. பெஞ்சும் கூரையும் இருந்த இடத்தில் அந்த மிகை வெகுவாகக் குறைந்தது. பாதுகாப்பில்லாத சூழலில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்ற பெண்களுக்கு நேரம் மிக நீண்டு தோன்றியது. இது மினியாபோலிஸ் பகுதியில் எடுத்த அளவு. ஷார்ஜா ஆகஸ்டில் எடுத்தால் கூரையின் மதிப்பு இன்னும் கூடும் என்றே நினைக்கிறேன்.

கார் லிஃப்டுக்கு ஆள் சேருவது ஏன் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மாதக் காசு, வாட்ஸ்அப்பில் இடமும் நேரமும், தங்குமிட வாசலில் ஏறி பட்டறை வாசலில் இறங்கலாம். நடை இல்லை, மாறுவது இல்லை, வெயிலில் நிற்பதும் இல்லை. பஸ்ஸைவிட அதிகம் கொடுத்தும் மனிதர் அதில் போகிறார் என்றால், கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு திர்ஹாமும் நிச்சயத்துக்கான விலை. ‘வண்டி கரெக்டா வந்துரும்ணே’ என்பதுதான் அதைப் பற்றிச் சனையாவில் கேட்கும் முதல் பாராட்டு. அனுமதி இல்லாமல் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம், விபத்து நடந்தால் காப்பீட்டுச் சிக்கல். அபாயம் தெரிந்தேதான் ஏறுகிறார்கள். கள்ள வண்டிகளைப் பிடிப்பது போலீஸின் வேலை. ஆனால் அவை எந்த மூலைகளில் எந்த நேரத்தில் நிற்கின்றன என்பதைக் குறித்துவைத்தால், பஸ் எங்கே தேவை என்று காட்டும் வரைபடம் இலவசமாகக் கிடைத்துவிடும்.

கட்டணத்தைக் குறைத்தால் போதாதா? எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் 2013-இல் நகரவாசிகளுக்குப் பேருந்தை இலவசமாக்கியது. பயணிகள் கூடினார்கள். ஆனால் ஆய்வாளர்கள் பார்த்தபோது, புதிதாக ஏறியவர்களில் முன்பு நடந்துகொண்டிருந்தவர்களே மிகுதி, காரோட்டிகள் கொஞ்சம்தான். இலவசத்தால் பயனில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று ஆனது, கூலி வேலைக்குப் போகும் பெண்களின் கையில் மாதாமாதம் நிற்கும் காசு. அது பெரிய காரியம். காரிலிருந்து ஆளை இறக்குவது வேறு காரியம், அதைக் கட்டணம் மட்டும் செய்யாது.

துபாயில் அதைச் செய்தது வண்டிகளுக்கு இடையே உள்ள குறுகிய இடைவெளி. மெட்ரோ 2009 செப்டம்பர் 9 அன்று தொடங்கியது, பச்சைத் தடம் 2011-இல் அதே தேதியில் வந்தது. நெரிசல் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு ரயில், சாலைச் சிக்னல் கிடையாது, நிலையத்துக்குள் குளிர். அட்டவணையைப் பார்க்காமல் போய் நிற்கலாம். 2006-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த பொதுப் போக்குவரத்தின் பங்கு, பகிர்வு வண்டிகளையும் சேர்த்து இப்போது 20-ஐத் தாண்டிவிட்டதாக துபாய் சாலைப் போக்குவரத்து ஆணையம் சொல்கிறது. ஆனால் பச்சைத் தடம் ஷார்ஜா எல்லைக்கு அருகே அல் குசைஸில் முடிந்துவிடுகிறது. அதன்பின் பஸ்தான். யூனியன் நிலையத்திலிருந்து ஷார்ஜா ஜுபைல் பஸ் நிலையத்துக்கு ஓடும் இ303 போன்ற பஸ்கள் கார்கள் நிற்கும் அதே நெரிசலில் நிற்கின்றன.

அந்த நெரிசலுக்கும் பஸ்ஸின் தரத்துக்கும் உள்ள உறவைத்தான் சாலை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அல் இத்திஹாத் சாலையில் மம்சார் சாலிக் சுங்கக் கேட் இருக்கிறது, 2025 ஜனவரி 31 முதல் நெரிசல் நேரத்தில் 6 திர்ஹாம். சாலிக் இல்லாத பாதை தேடும் கார்கள் ஷேக் முகமது பின் சாயித் சாலைக்குத் திரும்ப, சனையாவை ஒட்டிய நேஷனல் பெயிண்ட்ஸ் சந்திப்பு மாலையில் அடைத்துக்கொள்கிறது. அங்கே சாலையை அகலப்படுத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஆந்தனி டவுன்ஸ் 1962-இலும் ஆங்கிலேயர் ஜே.எம். தாம்சன் 1970-களிலும் தனித்தனியே கண்ட விடை இது: சாலை அகலமானதும் கார் சற்று வேகமாகிறது. பஸ்ஸில் போனவர்களில் வசதி உள்ளவர்கள் காருக்கு மாறுகிறார்கள். பஸ்ஸில் ஆள் குறைய, டிரிப்பைக் குறைக்கிறார்கள். இடைவெளி கூட, இன்னும் சிலர் மாறுகிறார்கள். கடைசியில் அகலமான சாலையும் நிரம்பி, எல்லோருக்கும் பழைய நேரத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். இதே சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழற்றவும் முடியும். ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் காட்டியபடி, ஆள் கூடினால் பஸ் கூடும், பஸ் கூடினால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த எல்லோருடைய காத்திருப்பும் குறையும். பஸ்ஸுக்குத் தனித் தடம் ஒதுக்குவது சக்கரத்தை அந்த எதிர்ப்பக்கம் தள்ளிவிடும் வேலை.

செலவு குறைந்த வேலைகளும் இருக்கின்றன. லண்டன் 2001-லிருந்தும் சிங்கப்பூர் 2014-லிருந்தும் பஸ் நடத்தும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையையும் அபராதத்தையும் ஒரே ஓர் அளவோடு கட்டிவைத்தன: அட்டவணைப்படி வந்திருந்தால் பயணி எவ்வளவு நின்றிருப்பார், உண்மையில் எவ்வளவு நின்றார், இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? மேலே போட்ட கணக்கில் அது 5.6 நிமிடம். ஓடிய டிரிப்பை எண்ணுவதை விட்டு இதை எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து, முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிவரும் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்திவைக்க நிறுவனத்துக்கே அக்கறை வருகிறது. சனையாவில் இதைச் செய்ய பஸ்களில் உள்ள ஜிபிஎஸ் போதும். அதே தகவலைப் பயணியின் போனுக்கும் அனுப்பலாம். சியாட்டிலில் 2011-இல் வெளியான ஆய்வில், பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்க்க முடிந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு நிமிடம் குறைவாக நின்றார்கள், நின்ற நேரத்தையும் மிகைப்படுத்தி உணரவில்லை. பஸ் ஏழு நிமிடத்தில் வரும் என்று தெரிந்தால் பக்கத்துக் கஃப்டீரியாவின் நிழலில் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம்.

அட்டவணையே பட்டறைகளின் நேரத்தோடு பொருந்த வேண்டும். சனையாவின் நேரமும் அலுவலக நேரமும் வேறு. காலை சீக்கிரம் தொடங்கி, மதியம் நீண்ட இடைவேளை விட்டு, இரவுவரை திறந்திருக்கும் கடைகள் ஏராளம். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்குகிறவருக்கு எட்டரையோடு அடங்கிவிடும் அடர்த்தியான சேவையால் பலன் இல்லை. திரும்பிப்போக வழியில்லை என்றால் காலையிலும் அந்த பஸ்ஸில் ஏற மாட்டார், ஏனென்றால் அவர் தேர்ந்தெடுப்பது போய்வரும் இரண்டு வழியையும் சேர்த்துத்தான். முதலாளிகள் சேர்ந்து ஒரு தெருவுக்கு ஒரு வண்டி என்று அனுமதியோடு ஏற்பாடு செய்யவும் இடம் இருக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை தனியாக பஸ் வைக்க முடியாது, அதே தெருவில் உள்ள இருபது பட்டறைகள் வைக்கலாம்.

அமீரகத்தின் எத்திஹாத் ரயிலின் பயணிகள் சேவைக்கு ஷார்ஜாவில் பல்கலைக்கழக நகரை ஒட்டி நிலையம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அபுதாபிக்கும் ஃபுஜைராவுக்கும் இனி ரயிலில் போகலாம் என்ற மகிழ்ச்சி இங்கே எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும்தான். நிலையத்திலிருந்து சனையாவுக்கு வரும் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது நிற்கும் இடத்தில் கூரை உண்டா என்பதையும் ரயில் அட்டவணையோடு சேர்த்தே இப்போதே முடிவு செய்ய வேண்டும். ரயில் ஓடத் தொடங்கிய முதல் சில மாதங்களில் மக்கள் எந்தப் பழக்கத்துக்கு வருகிறார்களோ, அதிலிருந்து பிறகு அவர்களை மாற்றுவது கடினம்.